சுற்றுச்சூழல் அனுமதி: வல்லுநர் குழுவை யார் அமர்த்துகிறார்கள்? ஆற்றை அறிந்தவருக்கு அதில் இடம் உண்டா?

கேள்வி (எண்ணூர், காட்டுக்குப்பத்திலிருந்து):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் ஒரு தொழிற்சாலையை விரிவாக்குவதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. அடுத்த மாதம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. விவரம் கேட்கப் போன இடத்தில், "நீங்கள் பேசுவதைப் பேசுங்கள், முடிவை வல்லுநர் குழு பார்த்துக்கொள்ளும்" என்றார்கள். என் அப்பா நாற்பது ஆண்டுகளாகக் கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிப்பவர். முகத்துவாரம் எந்த மாதத்தில் அடைபடும், சாம்பல் படிந்ததால் எங்கெங்கே ஆழம் குறைந்தது, மடவை மீன் எந்த ஆண்டு முதல் வரத்துக் குறைந்தது என்பதையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்வார். அந்தக் குழுவை அமர்த்துபவர்கள் யார், அதில் உட்காரத் தகுதி என்ன, முடிவெடுக்கும் முன் அவர்கள் ஆற்றை வந்து பார்த்தாக வேண்டுமா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (திருவொற்றியூர், ஓய்வுபெற்ற பொறியாளர்):

அம்மா, நீங்கள் கேட்டது பலரும் கேட்கத் தவறும் கேள்வி. 2006 செப்டம்பர் 14-இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. பெரிய திட்டங்கள் 'அ' பிரிவு. அவற்றை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வல்லுநர் மதிப்பீட்டுக் குழு தில்லியில் ஆராயும். மற்றவை 'ஆ' பிரிவு. அவற்றை மாநில அளவிலான வல்லுநர் குழு ஆராய்ந்து, மூன்று பேர் கொண்ட மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் பரிந்துரைக்கும். மாநிலக் குழுவானாலும், மாநில அரசு தரும் பெயர்களைக் கொண்டு அதை அமைப்பது ஒன்றிய அரசுதான். எனவே உங்கள் ஊர் விண்ணப்பம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

குழுவில் அதிகபட்சம் பதினைந்து பேர். உரிய துறையில் பட்டமும் நீண்டகால அனுபவமும் வேண்டும் என்று அறிவிக்கையின் இணைப்பே கூறுவதால், உங்கள் அப்பா போன்றவர் உறுப்பினராக வழியில்லை. இது எனக்கு வருத்தம் தருவதுதான். ஆனாலும், படித்தவர்கள் என்பதற்காக நான் அந்தக் குழுவைக் குறைத்துப் பேச மாட்டேன். காற்றில் கலக்கும் கந்தக டை ஆக்சைடின் அளவைக் கணக்கிடவும், நிறுவனம் தரும் கணக்கில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிக்கவும் கற்றவர்கள் தேவை. அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்கள் முன் எந்தத் தரவு வைக்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

தரவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மதிப்பீட்டு அறிக்கைக்கான அடிப்படைத் தரவைப் பெரும்பாலும் ஒரே பருவத்தில், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவத்தில் திரட்டுகிறார்கள். நம் ஆற்றின் கதையோ ஐப்பசி, கார்த்திகை மழையில் நடப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. பங்குனியில் எடுத்த நீர் மாதிரியை மட்டும் வைத்துப் பேசும் அறிக்கையில் அந்த ஆபத்துக்கு ஒரு வரி இடமாவது இருக்குமா? குழுவில் இருப்பவர் எவ்வளவு பெரிய அறிஞரானாலும், தாளில் இல்லாத வெள்ளத்தை அவர் எப்படிக் காண்பார்?

பதில் 2 (தண்டையார்பேட்டை, வழக்கறிஞர்):

மேலே ஐயா கூறியதோடு சட்ட நிலையைச் சேர்த்துக்கொள்கிறேன். குழு பரிந்துரைதான் செய்கிறது. அனுமதியை அமைச்சகமோ மாநில ஆணையமோ வழங்குகிறது. ஆனால் வழக்கமாகக் குழுவின் பரிந்துரையையே ஏற்க வேண்டும் என்று விதி சொல்வதால், உண்மையான முடிவு குழுவில்தான் உருவாகிறது. ஆகவே அதன் நடுநிலை மிக முக்கியம். சுரங்கத் துறைக்கான குழுவின் தலைவரே சுரங்க நிறுவனங்களில் இயக்குநராக இருந்ததை 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் உத்கர்ஷ் மண்டல் வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. கருத்துக்கேட்பில் மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களைக் குழு பரிசீலித்து, காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் கூறியது.

நேரில் வந்து பார்ப்பது கட்டாயமில்லை. 2022 ஜனவரியில் அமைச்சகம் மாநில ஆணையங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு ஒன்றை அறிவித்தது. 80 நாள்களுக்குள் அனுமதி வழங்கினால் கூடுதல் மதிப்பெண், கள ஆய்வுகளைக் குறைத்தாலும் மதிப்பெண். பலத்த கண்டனம் எழுந்தது. ஆற்றை வந்து பார்ப்பதையே தாமதமாகக் கருதும் மனநிலையை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, உங்கள் அப்பாவின் அறிவு குழுவைச் சென்றடையும் ஒரே வாசல் கருத்துக்கேட்புக் கூட்டம். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்து விளக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் தலைமை வகிப்பவர் அன்றே கையொப்பமிட வேண்டும். அதைப் படிக்கும் வரை யாரும் எழுந்து போகாதீர்கள். பேசியது விடுபட்டிருந்தால் அங்கேயே கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3 (மணலி புதுநகர்):

வழக்கறிஞர் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. ஒரே வாசல் என்று சொல்லிவிட முடியாது. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலமாகவும் கருத்து அனுப்பலாம். மேலும், சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த பின்னரும், 1974 நீர்ச் சட்டத்தின் கீழும் 1981 காற்றுச் சட்டத்தின் கீழும் வாரியத்திடம் தனியாக இசைவாணை பெற்றால்தான் ஆலை இயங்க முடியும். அந்த விண்ணப்பங்களை வாரியத்தின் அதிகாரிகள் குழுக்களே பார்க்கின்றன. வெளியே யாருக்கும் தெரிவதில்லை. நீர்ச் சட்டப்படி நான்கு மாதத்துக்குள் வாரியம் பதில் தராவிட்டால் இசைவு கொடுத்ததாகவே கருதப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். வெளி வல்லுநர்களும் மீனவர் பிரதிநிதியும் இருக்க வேண்டிய இடம் அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2009-இலேயே மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்த 43 பகுதிகளில் ஒன்றான மணலியில் வாழ்பவன் என்ற முறையில் இதைக் கேட்கிறேன்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அப்பா சொல்லச் சொல்ல, மாத வாரியாக நீரோட்டத்தையும் மீன் வரத்தையும் இன்று காலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். 2023 வெள்ளத்தின்போது எடுத்த படங்களும் இருக்கின்றன. அவற்றை மனுவோடு இணைக்கலாமா?

பதில் 2 (தண்டையார்பேட்டை, வழக்கறிஞர்):

தாராளமாக இணைக்கலாம் அம்மா. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த நாளையும் இடத்தையும் எழுதுங்கள். மனுவை இரண்டு படிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வழங்கப்பட்டால் முப்பது நாள்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அப்போது அந்த முத்திரையிட்ட படி தேவைப்படும்.