விடியற்காலைக் காற்றை டைஃபூன் என்று எழுதலாமா?

ஆயர் ஈத்தாம் அம்மா:
வணக்கம். மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் விடியற்காலையில் அடித்த காற்றில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கார் நிறுத்துமிடத்துக் கூரை பறந்துவிட்டது. ஆங்கிலக் கட்டுரையில் அதை டைஃபூன் என்று எழுதினான். டீச்சர் வெட்டிவிட்டு ஸ்டார்ம் என்று போட்டிருக்கிறார். மலாயில் எல்லாரும் தௌஃபான் என்றுதானே சொல்கிறார்கள் என்று சண்டைக்கு வருகிறான். எது சரி?

பாயான் லெப்பாஸ் மணி:
டீச்சர் சொன்னதுதான் சரி, அக்கா. டைஃபூன், ஹரிக்கேன், சைக்ளோன் மூன்றும் ஒரே வகைப் புயல். எந்தக் கடலில் சுழல்கிறதோ அதற்கேற்ப பெயர் மாறும். பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான் பக்கம் டைஃபூன். அட்லாண்டிக்கிலும் மெக்சிகோவுக்கு மேற்கே உள்ள கடலிலும் ஹரிக்கேன். வங்காள விரிகுடாவில் சைக்ளோன். டைஃபூன், ஹரிக்கேன் என்று சொல்ல, காற்று மணிக்குச் சுமார் 119 கிலோமீட்டரையாவது தொட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ட்ராப்பிகல் ஸ்டார்ம்.

பிறை வாசி:
முதலில் கூரைக்குக் காப்புறுதி இருக்கிறதா பாருங்கள், ஆங்கிலம் அப்புறம்!

தெலுக் பஹாங் அண்ணன்:
விடியலில் மேற்கே கடல் பக்கமிருந்து கறுப்பாக வரிசை கட்டி வந்ததா? அப்படியானால் அது சுமத்ரா என்று சொல்கிற காற்றாக இருக்கலாம். மலாக்கா நீரிணையில் திரண்டு வரும், ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில்தான் அதிகம். ஓரிரண்டு மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விடும். ஆங்கிலத்தில் ஸ்குவால். தம்பி அதை எழுதினால் டீச்சர் எப்படி வெட்டுவார்?

ஆயர் ஈத்தாம் அம்மா:
ஆமாம் அண்ணே, அதேதான், இடியும் மழையுமாக! அப்படியென்றால் மலேசியாவுக்கு டைஃபூனே வராதா?

பாயான் லெப்பாஸ் மணி:
நிலநடுக்கோட்டுக்கு அருகே பூமிச் சுழற்சியின் விசை மிகக் குறைவு, அதனால் புயல் சுழலத் திணறும். இருந்தும் 2001 டிசம்பர் 27-இல் வாமெய் என்ற புயல் ஜோகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அதற்கே இரண்டு கருத்து: அமெரிக்கக் கடற்படை மையம் டைஃபூன் என்றது, ஜப்பான் வானிலை நிலையம் ட்ராப்பிகல் ஸ்டார்ம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. பெயரை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. 1996 டிசம்பரில் சபாவின் கெனிங்காவ் பக்கம் 200 பேருக்கு மேல் பலிகொண்ட கிரெக், வெறும் ட்ராப்பிகல் ஸ்டார்ம்தான்.

தெலுக் பஹாங் அண்ணன்:
தௌஃபானுக்கும் அகராதியில் டைஃபூன் என்றுதான் பொருள். பேச்சில்தான் கூரை தூக்குகிற காற்றெல்லாம் தௌஃபான். வானிலைத் துறை எச்சரிக்கையில் ரிபுட் பெதிர் என்றே வரும், அதாவது தண்டர்ஸ்டார்ம். கட்டுரைக்கு அதுவும் பொருந்தும்.

பாயான் லெப்பாஸ் மணி:
இன்னொன்று, டைஃபூன் வாமெய் என்று பெயரோடு சேர்த்து எழுதினால் முதல் எழுத்து பெரியது. தனியாக வந்தால் சின்ன எழுத்து. டீச்சர் அடுத்து இதில்தான் கை வைப்பார்.