வீட்டிலுள்ள திறன்பேசிகளை ஒரே கணினியிலிருந்து பராமரிக்க எந்த மென்பொருள் பொருத்தமானது?

கேள்வி

எங்கள் வீட்டில் நான், மனைவி, அம்மா, அப்பா, மகன் என ஐவருக்கும் சேர்த்து ஐந்து திறன்பேசிகள் இருக்கின்றன. நான்கு ஆண்ட்ராய்டு; மனைவியுடையது மட்டும் ஐபோன். அனைவருக்கும் பொதுவாக விண்டோஸ் 11 நிறுவிய ஒரு மேசைக்கணினி உண்டு. எல்லாருடைய ஒளிப்படங்களும் அந்தக் கணினியில் தாமாகவே வந்து சேர வேண்டும். கோப்புகளைக் கம்பியில்லாமல் அனுப்பிக்கொள்ள வேண்டும். எழுத்து சிறிதாகிவிட்டது, மணியோசை கேட்கவில்லை என்று அம்மா சொல்லும்போது அவருடைய திரையைக் கணினியிலேயே பார்த்துச் சரிசெய்து தர வேண்டும். பதினொரு வயது மகன் பேசியைப் பயன்படுத்தும் நேரத்துக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும்.

இவை அனைத்தையும் ஒரே மென்பொருளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் கட்டணச் சேவைகள் சிலவற்றைப் பார்த்தேன். குறுஞ்செய்திகளும் இருப்பிடமும் அவர்களுடைய வழங்கிகளில் (சர்வர்களில்) சேமிக்கப்படும் என்று நிபந்தனைகளில் படித்ததும் தயக்கம் வந்துவிட்டது. வீட்டுத் தரவு வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி இதை அமைக்க முடியுமா? முடியுமென்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

மறுமொழி 1

உங்கள் தயக்கம் சரியானது. ஒரே செயலி எல்லாவற்றையும் செய்ய வேண்டுமென்றால், அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி, திரையை இயக்கும் அனுமதி, கோப்புகள் அனைத்தையும் அணுகும் அனுமதி, இருப்பிட அனுமதி ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரு செயலிக்கே கொடுத்தாக வேண்டும். நீங்கள் கேட்டிருப்பவை நான்கு தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றுக்கும் அதற்கான கருவியை மட்டும் வைத்து, அதற்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுப்பதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

கோப்புப் பரிமாற்றத்துக்குக் கேடிஇ கனெக்ட் போதும். இது கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் அனைத்துக்கும் கிடைக்கிறது. பேசியும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும்; ஒருமுறை இரு பக்கமும் ஒப்புதல் கொடுத்து இணைத்துவிட்டால், அதன்பின் நடக்கும் பரிமாற்றம், பிறர் படிக்க முடியாத மறையாக்கத்துடன் வீட்டு வலைக்குள்ளேயே நடக்கும். பேசியை வைத்த இடம் தெரியாதபோது கணினியிலிருந்தே ஒலிக்கச் செய்யும் வசதியும் இதில் உண்டு. முதியவர்கள் இருக்கும் வீட்டில் அதிகம் பயன்படப்போவது ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களுடையது பொதுக் கணினி. இணைத்தவுடன் அறிவிப்புப் பகிர்வும் குறுஞ்செய்தி வசதியும் இயங்கத் தொடங்கினால், உங்கள் மனைவிக்கு வரும் செய்தியும் அப்பாவுக்கு வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும், அந்த நேரத்தில் கணினியின் முன் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் கண்ணில் படும். ஆகவே ஒவ்வொரு பேசியின் செயலிக்குள்ளும் சென்று, அறிவிப்பு, குறுஞ்செய்தி, தொடர்புகள், கிளிப்போர்டு ஆகியவற்றுக்கான செருகுநிரல்களை (தனித்தனியாக இயக்கவும் அணைக்கவும் கூடிய வசதிகளை) அணைத்துவிட்டு, கோப்புப் பகிர்வையும் ஒலிக்கச் செய்வதையும் மட்டும் விட்டுவையுங்கள். விண்டோஸுடன் வரும் ஃபோன் லிங்கை நான் பரிந்துரைக்காததற்கும் இதே காரணம்தான். ஒருவர் தம் சொந்தக் கணினியில் தம் பேசியை இணைக்க அது நல்ல கருவி. ஐவர் பகிரும் கணினிக்கு ஏற்றதல்ல.

ஒளிப்படங்களுக்குச் சின்க்திங். நடுவில் சேமிப்பு வழங்கி எதுவும் இல்லாமல், கருவியிலிருந்து கருவிக்கு நேரடியாகக் கோப்புறைகளை ஒத்திசைக்கும். இதன் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பருடன் நிறுத்தப்பட்டுவிட்டது. கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்தில் கிடைக்கும் சின்க்திங்-ஃபோர்க் என்பதை நிறுவிக்கொள்ளலாம்.

மகனுடைய பேசிக்குக் கூகுள் ஃபேமிலி லிங்க். தினசரி நேர வரம்பு, உறங்கும் நேரப் பூட்டு, புதிய செயலி நிறுவும் முன் பெற்றோர் ஒப்புதல் ஆகியவை இதில் உண்டு. கணினி உலாவியிலிருந்தும் நிர்வகிக்கலாம். கூகுள் கணக்கின் வழியாக இயங்குவதால், தரவு வெளியே செல்லக் கூடாது என்ற உங்கள் நிபந்தனையை இந்த ஓரிடத்தில் தளர்த்தித்தான் ஆக வேண்டும். ஆயினும் குழந்தையின் செய்திகளைப் பெற்றோருக்கு இது காட்டுவதில்லை. அதை ஒரு குறையாக நான் கருதவில்லை.

மறுமொழி 2

அம்மாவின் திரையைக் கணினியில் காண்பது பற்றி முந்தைய நண்பர் எழுதவில்லை. அதை நான் சொல்கிறேன். எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற கட்டற்ற கருவி 2018 முதல் இருக்கிறது. பேசியில் தனியாக எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 5 முதல் வேலை செய்யும். பேசியின் அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே, கணினி பேசியை இயக்க அனுமதிக்கும் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கம்பியால் கணினியில் இணைத்து, பேசியில் தோன்றும் அனுமதிக் கேள்விக்கு ஒப்புதல் அளித்தால், திரை கணினியில் தெரியும். சுட்டியாலும் விசைப்பலகையாலும் இயக்கலாம். சில நிறுவனங்களின் பேசிகளில் திரை தெரிந்தாலும் சுட்டி வேலை செய்யாது. அவற்றில் பாதுகாப்பு அமைப்புகளுக்கான இன்னொரு டீபக்கிங் விருப்பத்தையும் தனியாக இயக்க வேண்டும்.

வேலை முடிந்தவுடன் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். அது திறந்திருக்கும் பேசியை ஒப்புதல் பெற்ற கணினி ஏறக்குறைய முழுமையாக இயக்க முடியும் என்பதோடு, சில வங்கிச் செயலிகள் அந்நிலையில் இயங்கவே மறுக்கும். வங்கிச் செயலியின் திரை கணினியில் கறுப்பாகத் தெரிந்தால் பழுது என்று எண்ண வேண்டாம். திரைப்பிடிப்பைத் தடுக்கும்படி அந்தச் செயலியே அமைக்கப்பட்டிருக்கிறது.

அம்மா வெளியூரில் இருக்கும்போது இந்த முறை உதவாது. டீம்வியூவர் குயிக்சப்போர்ட் போன்ற தொலை உதவிச் செயலிகள் வேண்டியிருக்கும். பணம் பறிக்கும் மோசடிக்காரர்களும் முதியவர்களை இத்தகைய செயலிகளைத்தான் நிறுவச் சொல்கிறார்கள். எனவே தேவைப்படும்போது நிறுவி, உதவி முடிந்ததும் நீக்கிவிடுவது நல்லது. வேறு யார் தொலைபேசியில் அழைத்து அந்தச் செயலி காட்டும் இணைப்பு எண்ணைக் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே, பொறுமையாக விளக்கிவிடுங்கள்.

மகனுக்கு வைக்கும் கண்காணிப்பைப் பெரியவர்களுக்கு வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மனைவியின் பேசியிலும் பெற்றோரின் பேசிகளிலும் எதை நிறுவினாலும், அது என்ன செய்யும் என்பதை அவர்களிடம் சொல்லி, அவர்கள் கையாலேயே ஒப்புதல் பொத்தானை அழுத்தச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கேடிஇ கனெக்ட்டைக் கணினியிலும் மூன்று பேசிகளிலும் நிறுவினேன். என் பேசியும் அப்பாவின் பேசியும் கணினியில் தெரிகின்றன. அம்மாவின் பேசி மட்டும் தெரியவே இல்லை. அதே வைஃபையில்தான் இருக்கிறது, இணையமும் வருகிறது. மேலும், என் பேசி காலையில் இணைந்திருந்து, சிறிது நேரம் கழித்துப் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது.

மறுமொழி 1 எழுதியவர்

இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை.

மறைந்துவிடுவது பெரும்பாலும் பேட்டரி சேமிப்பால். பின்னணியில் இயங்கும் செயலிகளை ஆண்ட்ராய்டு நிறுத்திவிடுகிறது. சில நிறுவனங்களின் பேசிகள் இதில் மிகக் கடுமையாக நடந்துகொள்ளும். அமைப்புகளில் இந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். சின்க்திங்குக்கும் இதையே செய்ய வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் செயலியைத் திறக்கும்போது மட்டுமே படங்கள் நகரும்.

அம்மாவின் பேசி தெரியாததற்கு, அது விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே ரௌட்டரிலிருந்து வந்தாலும், பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தாலும், விருந்தினர் வலையில் உள்ள கருவிகள் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைக்கப்பட்டிருக்கும். இணையம் மட்டும் வரும். ரௌட்டரில் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் ஏபி ஐசோலேஷன் இயக்கப்பட்டிருந்தாலும் இதே விளைவுதான். இணையப் போக்குவரத்தை வேறு வழங்கி வழியாகத் திருப்பும் விபிஎன் பேசியில் இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

அதிலும் தீரவில்லையென்றால், அம்மாவின் பேசியிலுள்ள செயலியின் மெனுவில் ஐபி முகவரியால் (வலையில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்ணால்) கருவியைச் சேர்க்கும் விருப்பம் இருக்கிறது. கணினியின் முகவரியை அங்கே கைப்படக் கொடுக்கலாம். ஒரு பேசியும் தெரியாத நிலை பின்னர் எப்போதாவது வந்தால், விண்டோஸ் உங்கள் வைஃபையைப் பொது வலை என்று குறித்துக்கொண்டிருக்கக் கூடும். அதைத் தனிப்பட்ட வலையாக மாற்றி, தீச்சுவரில் (ஃபயர்வாலில்) 1714 முதல் 1764 வரையிலான டிசிபி, யூடிபி வாயில்களை (போர்ட்களை) அனுமதியுங்கள். தீச்சுவரையே முழுவதுமாக அணைக்கச் சொல்லும் அறிவுரைகளை இணையத்தில் காண்பீர்கள். அவற்றைப் பின்பற்ற வேண்டாம்.

மறுமொழி 3

ஒளிப்படங்கள் குறித்து ஓர் எச்சரிக்கை. சின்க்திங் ஒத்திசைக்கும் கருவி. காப்புப்பிரதி எடுக்கும் கருவி அன்று. பேசியில் கோப்புறையை அனுப்ப மட்டும் என்றும், கணினியில் பெற மட்டும் என்றும் அமைத்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அப்படி அமைத்தாலும், இடமில்லை என்று அப்பா பேசியில் பழைய படங்களை அழித்தால், அவை கணினியிலிருந்தும் அழியும். கணினிப் பக்கத்தில் அந்தக் கோப்புறைக்குக் கோப்புப் பதிப்புகளைப் பாதுகாக்கும் வசதியை இயக்கி, குப்பைத்தொட்டி வகையைத் தேர்ந்தெடுத்து, நாள் கணக்கைச் சுழியமாக வையுங்கள். அழிக்கப்பட்டவை ஒரு தனிக் கோப்புறையில் காலவரையின்றி இருக்கும். இதோடு கணினியின் படக் கோப்புறையை ஒரு வெளிப்புற வன்தட்டில் அவ்வப்போது நகலெடுப்பதும் அவசியம். கணினியின் வட்டு பழுதானால் ஐவருடைய படங்களும் ஒன்றாகப் போய்விடும்.

ஐபோனுக்குச் சின்க்திங்கின் அதிகாரப்பூர்வ செயலி இல்லை. கம்பியால் இணைத்து விண்டோஸின் ஃபோட்டோஸ் செயலி மூலம் இறக்குமதி செய்யலாம். அதற்கு முன் ஐபோனில் சேமிப்பிடத்தைச் சிக்கனப்படுத்தும் விருப்பம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மூலப் படங்கள் ஐகிளவுடில் மட்டுமே இருக்கக் கூடும். கம்பி வழியாக வருபவை முழுமையாக இருக்காது. பேசி முழுவதற்கும் காப்புப்பிரதி வேண்டுமென்றால் ஆப்பிள் டிவைசஸ் செயலியில் மறையாக்கப்பட்ட வகையைத் தேர்ந்தெடுங்கள். சேமித்த கடவுச்சொற்களும் உடல்நலத் தரவும் அந்த வகையில்தான் சேரும். அதன் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அந்தப் பிரதியைத் திறக்க வழியில்லை என்பதால், அதை எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் அமைத்த பின், தேவையற்ற ஒரு படத்தை எடுத்து, அது கணினிக்கு வந்து சேர்ந்ததும் பேசியில் அழித்துவிட்டு, கணினியின் பதிப்புக் கோப்புறையிலிருந்து மீட்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். அது வெற்றியடைந்த பிறகு மற்றவர்களின் படங்களைச் சேர்க்கத் தொடங்கலாம்.