அடிஸ் அபாபாவில் இரண்டு நாட்கள்: வரலாற்று ஆசிரியரான தந்தைக்கு எவற்றைக் காட்டலாம்?

நெடுவழி:

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி மூன்றாம் வாரத்தில் நானும் என் தந்தையும் அடிஸ் அபாபாவில் இரண்டு முழு நாட்கள் தங்கவிருக்கிறோம். தந்தைக்கு 69 வயது. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஐரோப்பியப் படையைப் போர்க்களத்தில் வென்ற நாடு என்று எத்தியோப்பியாவைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவர், இப்போதுதான் அந்த மண்ணை நேரில் பார்க்கப்போகிறார். ஒரே நாளில் ஒன்பது இடங்களுக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலாத் திட்டத்தில் அவரை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. எவற்றை அவசியம் பார்க்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம்? அவரால் நெடுந்தூரம் நடக்க இயலாது. நாங்கள் இருவரும் சைவ உணவு உண்பவர்கள்.

மலைவாசல்:

வணக்கம். உங்கள் தந்தை வரலாற்று ஆசிரியர் என்பதால், இத்தாலியோடு எத்தியோப்பியா நடத்திய போராட்டத்தையே இழையாகக் கொண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பேன்.

முதல் நாள் காலையில் பியாசா பகுதிக்குச் செல்லுங்கள். அங்குள்ள எண்கோண வடிவப் புனித ஜார்ஜ் பேராலயம், 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் இத்தாலியப் படைமீது கிடைத்த வெற்றியின் நினைவாக எழுந்தது. பேரரசர் ஹைலே செலாசி 1930-இல் முடிசூடிக்கொண்டதும் இங்கேதான். அருகிலேயே அட்வாவில் வென்ற பேரரசர் இரண்டாம் மெனெலிக் குதிரைமேல் அமர்ந்த சிலையும், 2024-இல் திறக்கப்பட்ட அட்வா வெற்றி நினைவு அருங்காட்சியகமும் இருக்கின்றன. போருக்கு வித்திட்ட 1889-ஆம் ஆண்டின் வுச்சாலே உடன்படிக்கையைத் தந்தைக்கு நினைவூட்டுங்கள். பிற நாடுகளோடு தொடர்புகொள்ள இத்தாலியின் உதவியை மெனெலிக் நாடலாம் என்றது அதன் 17-ஆம் பிரிவின் அம்ஹாரிக் (எத்தியோப்பிய மொழி) வடிவம். நாடியே ஆகவேண்டும் என்றது இத்தாலிய வடிவம். ஒரு வினைச்சொல்லின் வேறுபாடு போர்க்களம் வரை சென்ற கதையை அந்தச் சிலையின் அடியில் நின்று பேசுவதற்கு இணையான வகுப்பறை வேறில்லை.

இரண்டாம் நாளைச் சிதிஸ்த் கிலோ பகுதிக்கு ஒதுக்குங்கள். சாலைச் சந்திப்பின் நடுவே உயர்ந்து நிற்கும் தூண், யெகாதித் 12 நினைவுச் சின்னம். 1937 பிப்ரவரி 19 அன்று (எத்தியோப்பிய நாட்காட்டியில் யெகாதித் 12), மீண்டும் படையெடுத்து நாட்டைப் பிடித்திருந்த இத்தாலியின் ஆளுநர் கிராசியானிமீது இளைஞர்கள் இருவர் கையெறிகுண்டு வீசியதற்குப் பழிவாங்க, மூன்று நாட்கள் இந்நகர மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தூணைச் சுற்றியுள்ள வெண்கலப் புடைப்புச் சிற்பங்களை அவசரமின்றிப் பாருங்கள்.

குண்டு வீசப்பட்ட அரண்மனைதான் எதிரே பல்கலைக்கழக வளாகத்துக்குள் இன்று இனவியல் அருங்காட்சியகமாக இருக்கிறது. வளாகத்தில், எந்தக் கட்டடத்தோடும் ஒட்டாமல், வானை நோக்கி வளைந்தேறிப் பாதியில் நின்றுவிடும் ஒரு படிக்கட்டைக் காண்பீர்கள். முசோலினியின் ஆட்சியில் ஆண்டுக்கு ஒரு படியென ஆக்கிரமிப்பாளர்கள் கட்டியது அது. விடுதலைக்குப் பிறகு அதை இடிக்காமல், உச்சிப் படியில் எத்தியோப்பியப் பேரரசர்களின் சின்னமான யூதாவின் சிங்கத்தைச் சிறு சிலையாக அமர்த்திவிட்டார்கள். எதிரியின் பெருமிதத்தை அவன் கட்டிய படியிலேயே முடித்துவைத்த அந்தச் சிங்கத்தின் எதிரில் நான் அரை மணி நேரம் நின்றேன். இந்நகரில் ஒன்றை மட்டுமே பார்க்க முடியும் என்றாலும் இதைத்தான் சொல்வேன்.

அருங்காட்சியகத்தின் உள்ளே, இனக்குழு வாரியாகப் பிரிக்காமல், பிறப்பு, இளமை, திருமணம், இறப்பு என்று வாழ்க்கையின் வரிசையில் பொருட்களை வைத்திருக்கிறார்கள். பேரரசரின் படுக்கையறையும் இருக்கிறது.

பழந்தடம்:

மேலே சொன்னதோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் ஆக்கிரமிப்பும் விடுதலையும் மட்டுமே இந்நகரின் வரலாறு ஆகிவிடாது. மெஸ்கெல் சதுக்கத்தருகே உள்ள செம்பயங்கரத் தியாகிகள் நினைவு அருங்காட்சியகத்தைத் தவிர்க்காதீர்கள். 1974-இல் பேரரசரை வீழ்த்திய இராணுவக் குழு, பின்னர் மெங்கிஸ்து ஹைலே மரியம் தலைமையில் தன் நாட்டு இளைஞர்களையே கொன்று குவித்தது. அவர்களுடைய ஒளிப்படங்கள் சுவர் முழுவதும் நிறைந்திருக்கின்றன. புதைகுழிகளிலிருந்து எடுத்த எலும்புகளும் கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. மனத்தை உலுக்கும் இடம் என்பதைத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தக் குழுவின் காவலில் 1975-இல் இறந்த ஹைலே செலாசி, 25 ஆண்டுகள் கழித்து, 2000 நவம்பரில்தான் அராத் கிலோ அருகேயுள்ள திருத்துவப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதே வளாகத்தில் சில்வியா பாங்க்ஹர்ஸ்டின் கல்லறையைக் கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய அவர், எத்தியோப்பியாவுக்காக 1936 முதல் செய்தித்தாள் நடத்தி, இறுதிக்காலத்தில் இங்கேயே வந்து வாழ்ந்து, 1960-இல் மறைந்தவர்.

இன்னொன்று: ஜனவரி 19, இயேசுவின் திருமுழுக்கைக் கொண்டாடும் திம்கத் பெருவிழா. முந்தைய நாள் பிற்பகலில் ஆலயங்களின் தாபோத்துகளை (உடன்படிக்கைப் பேழையைக் குறிக்கும் புனிதப் பலகைகளை) பட்டுத்துணியால் மூடித் தலைமேல் சுமந்து ஜான் மேதா திடலுக்கு ஊர்வலமாகக் கொண்டுசெல்வார்கள். அன்று சாலைகள் அடைபடும் என்பதால் வேறு திட்டம் வைத்துக்கொள்ளாமல் ஊர்வலத்தையே பாருங்கள்.

மேட்டுநிலம்:

நடைமுறை சார்ந்து சில சொற்கள். நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே இருப்பதால், முதல் நாள் சில படிகள் ஏறினாலே மூச்சு வாங்கும். 3,000 மீட்டரைத் தாண்டும் என்டோட்டோ மலையை இம்முறை விட்டுவிடலாம்.

கடிகாரத்தில் கவனமாக இருங்கள். அங்கே நாள் விடியலில் தொடங்குகிறது. நம்முடைய காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. காரோட்டி ஒருவர் "2 மணிக்கு வருகிறேன்" என்றதை நான் பிற்பகல் என்று எடுத்துக்கொண்டேன். அவர் காலை 8 மணிக்கே வந்து, வெகுநேரம் காத்திருந்து திரும்பிவிட்டார். எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். புதன், வெள்ளிக்கிழமைகளில் மரபுவழித் திருச்சபையினர் இறைச்சியும் பாலும் தவிர்த்து நோன்பிருப்பதால், நோன்பு உணவு என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். பெயாய்நேட்டு என்று கேளுங்கள். டெஃப் என்ற சிறுதானியத்தின் புளித்த மாவில் சுட்ட, தோசை போன்ற பெரிய இஞ்ஜெராவின்மேல் பருப்பு, கீரை, காய்கறி வகைகளைப் பரப்பித் தருவார்கள்.

நெடுவழி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். வுச்சாலே உடன்படிக்கை என்றதும் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். அவருடைய ஒரே கேள்வி: தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, லூசி என்று பெயரிடப்பட்ட ஆதி மனித மூதாதையின் எலும்புகள் உண்மையானவையா?

மலைவாசல்:

காட்சியில் இருப்பது பெரும்பாலும் அச்சுவார்ப்புப் படிதான். மூல எலும்புகளை அருங்காட்சியகம் தனியே பாதுகாக்கிறது. ஆயினும் செல்லுங்கள், அராத் கிலோவிலிருந்து சிதிஸ்த் கிலோவுக்குப் போகும் சாலையில்தான் இருக்கிறது. 1974-இல் அஃபார் பகுதியின் ஹதாரில் கிடைத்த, ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுப் பழமையான அந்த எலும்புக்கூட்டை நிமிர்த்தி நிறுத்தியும் காட்டுகிறார்கள். சிறுமியளவு உயரந்தான் இருக்கும். எத்தியோப்பியர்கள் அவளை டின்கினேஷ் என்கிறார்கள்; "நீ அற்புதமானவள்" என்பது அதன் பொருள்.