டிடி 214-இல் விடுபட்ட பதக்கங்கள்: எங்கள் அனுபவங்கள்

மருமகள் எழுதுவது:

என் கணவரின் தந்தை அமெரிக்கர். 1968 மார்ச் முதல் 1969 மார்ச் வரை வியட்நாமில் காலாட்படை வீரராக இருந்தவர். திருமணமான நாளிலிருந்து நான் அவரை ‘மாமா’ என்றே அழைத்து வருகிறேன். அச்சொல்லின் பொருளை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கிறார். காது கேட்கும் கருவிக்கான விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக் கொடுக்கும்போதுதான் அவருடைய பணிவிடுப்புச் சான்றான டிடி 214 படிவத்தை நான் முதன்முதலில் பார்த்தேன். பதக்கங்களுக்கான கட்டத்தில் தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம், வியட்நாம் போர்த்தொடர்ப் பதக்கம் என்று மூன்று மட்டுமே இருந்தன. அவருடைய இடது தோளில் உள்ளங்கை நீளத்திற்கு ஒரு தழும்பு இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிக் கேட்டபோது, “1968 மே மாதம், மோர்ட்டார்” என்று மட்டும் சொன்னார். 1980-களில் ஒரு தன்னார்வலரிடம் தாள்களைக் கொடுத்ததாகவும், அவை திரும்பி வரவே இல்லை என்றும், பிறகு தாம் யாரையும் கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் தணிக்கைத் துறையில் வேலை பார்ப்பவள். ஒரு தொகை பேரேட்டில் இல்லாவிட்டால், அது செலவாகவில்லை என்று நாங்கள் முடிவு கட்டுவதில்லை. ரசீது வேறெங்கோ கிடக்கிறது என்றுதான் முதலில் எண்ணுவோம். அந்தப் பழக்கம்தான் இவ்விஷயத்தில் கைகொடுத்தது.

முதலில் செய்தது, செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திற்கு படைப் பணி ஆவணங்களைக் கேட்பதற்கான எஸ்எஃப் 180 படிவத்தை அனுப்பியது. இதில் பலர் டிடி 214 மட்டும் வேண்டும் என்று எழுதிவிட்டு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தாளின் இன்னொரு நகலைப் பெற்றுக்கொண்டு ஏமாந்து போகிறார்கள். முழுப் பணிக்கோப்பும் மருத்துவக் கோப்பும் வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதால் மாமாவின் டிஏ 20 படிவம் கிடைத்தது. அக்காலத்துப் படைவீரர் ஒருவரின் வாழ்க்கையே மடித்து வைக்கப்பட்ட அட்டை என்று அதைச் சொல்லலாம். எந்தப் பிரிவில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதெல்லாம் 38-ஆம் கட்டத்தில் இருந்தது. காயங்களுக்கான 40-ஆம் கட்டம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்ததும் மாமா அட்டையை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார்.

விடுபட்டவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்கக் கூடாது என்பதை நான் மெல்லத்தான் புரிந்துகொண்டேன். ஓரிடத்தில் பணியாற்றியதாலேயே உரிமையாகிவிடும் பதக்கங்கள் ஒரு வகை. ஒரு நிகழ்வு நடந்தது என்று மெய்ப்பித்தால் உரிமையாகும், போரில் காயமடைந்தோருக்கான பர்ப்பிள் ஹார்ட் போன்றவை இன்னொரு வகை. மேலதிகாரி ஒருவர் பரிந்துரைத்து, அது ஏற்கப்பட்டால் மட்டுமே கிடைக்கும் வீரப் பதக்கங்கள் மூன்றாவது வகை. ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு, வழியும் வேறு.

முதல் வகையில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த கணக்கு ஒன்று உண்டு. வியட்நாம் சேவைப் பதக்கத்தின் நாடாவில், வீரர் பங்கேற்ற ஒவ்வொரு போர்த்தொடருக்கும் ஒரு சிறிய வெண்கல நட்சத்திரம் பொருத்தப்பட வேண்டும். மாமா போய்ச் சேர்ந்தபோது, 1968 ஜனவரி 30 முதல் ஏப்ரல் 1 வரையிலான டெட் எதிர்த்தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. அதன்பின் எதிர்த்தாக்குதலின் நான்காம், ஐந்தாம், ஆறாம் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 1969 பிப்ரவரி 22 வரை நீண்டன. மறுநாளே டெட் 69 எதிர்த்தாக்குதல் தொடங்கிவிட்டது. ஆக, ஓராண்டே இருந்த மனிதருக்கு ஐந்து போர்த்தொடர்கள். ஐந்து வெண்கல நட்சத்திரங்களுக்கு மாற்றாக ஒரு வெள்ளி நட்சத்திரம் அணிவதே விதி. டிடி 214-இல் ஒன்றுகூட இல்லை! காலாட்படைத் தகுதிக் குறியீடான 11பி, காலாட்படைப் பிரிவில் பணி, நேரடிப் போரில் பங்கேற்பு என்ற மூன்றும் சேர்ந்தால் கிடைக்கும் காம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜும் விடுபட்டிருந்தது. 1974-ஆம் ஆண்டின் எட்டாம் எண் பொது ஆணைப்படி, வியட்நாமில் பணியாற்றிய தரைப்படைப் பிரிவுகளுக்கெல்லாம் தென் வியட்நாம் அரசு வழங்கிய கேலன்ட்ரி கிராஸ் பிரிவு விருதும் இல்லை. அது மாமா பணியிலிருந்து விடுபட்ட பிறகு வந்த ஆணை என்பதால், எழுத்தரைக் குறை சொல்வதற்கில்லை. பதிவே தெளிவாகப் பேசும் இத்தகைய திருத்தங்களைத் தரைப்படையின் பதிவுத் திருத்த வாரியம் கூடித் தீர்மானிக்க வேண்டியதில்லை. அலுவலர்களே நிர்வாகத் திருத்தமாக முடித்து, டிடி 215 என்ற திருத்தச் சான்றை அனுப்பிவிடுகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது.

பர்ப்பிள் ஹார்ட் அவ்வளவு எளிதாக அமையவில்லை. காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டிருக்க வேண்டும், அதற்கு மருத்துவரின் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை அரசுப் பதிவில் ஏறியிருக்க வேண்டும் என்ற மூன்றையும் காட்டியாக வேண்டும். மாமாவுக்கு முதலுதவி நிலையத்திலேயே குண்டுச் சிதறலை எடுத்துத் தையல் போட்டு, சில நாள்களில் பிரிவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனை வரை போயிருந்தால் அங்கே ஒரு தாள் பிறந்திருக்கும். 40-ஆம் கட்டம் வெறுமையாக இருப்பதால், அதைத் தாண்டி வேறு சான்று வேண்டும். பதிவுகள் சரியாகவே எழுதப்பட்டன என்ற ஊகத்திலிருந்துதான் வாரியம் தொடங்கும். அதைப் புரட்டும் சுமை விண்ணப்பிப்பவருடையது.

மேரிலாந்து மாநிலம் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், வியட்நாமில் இருந்த பட்டாலியன்களின் நாட்குறிப்புகள் உள்ளன. எந்த மணிக்கு எந்தத் தகவல் வானொலியில் வந்தது என்று பணி அதிகாரி வரிவரியாக எழுதி வைத்த தாள்கள் அவை. அந்த மே மாதத்து நாட்குறிப்பில், மாமாவின் கம்பெனி மீது மோர்ட்டார் குண்டு விழுந்ததும், மூவர் காயமடைந்ததும், நேரத்துடன் இருந்தன. பெயர்கள் இல்லை. அன்றைய வாரத்தில் அவர் தம் தாயாருக்கு எழுதிய கடிதம் ஒன்று பழைய பிஸ்கட் டப்பாவில் கிடைத்தது. தபால்தலை ஒட்டும் இடத்தில் ‘இலவசம்’ என்று கையால் எழுதப்பட்டு, தேதி முத்திரை விழுந்திருந்தது. “தோளில் சின்னக் கீறல், கவலைப்படாதே” என்று ஒரு வரி. தாயைத் தேற்றுவதற்காக அவர் காயத்தைக் குறைத்துச் சொன்ன அந்த வரி, அரை நூற்றாண்டு கழித்து அவருக்கே இடையூறாகிவிடுமோ என்று நான் அஞ்சினேன். ஆனால் 1969-இல் விடுபடும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில், இடது தோள் தழும்பு அளவோடு குறிக்கப்பட்டிருந்தது. பணியில் சேரும்போது எடுத்த படிவத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு தாளுக்கும் மற்றொரு தாளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதைத் தவிரத் தணிக்கையாளருக்கு வேறு என்ன வேலை?

அன்று தையல் போட்டபோது அருகில் இருந்த படை மருத்துவ உதவியாளரைப் பிரிவின் ஆண்டுக் கூடல் வழியாகக் கண்டுபிடித்தோம். அவர் முதலில் அனுப்பிய சாட்சிக் கடிதம் மாமாவின் துணிவையும் நற்குணத்தையும் இரண்டு பக்கங்களுக்குப் புகழ்ந்தது. படிக்க நன்றாக இருந்தது, பயன்படாது. தாம் எங்கே நின்றார், எதைக் கண்ணால் கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார், காயம் எந்தத் தோளில், யார் சிகிச்சை அளித்தார் என்பதை மட்டும் எழுதித் தாருங்கள் என்று வேண்டிக்கொண்டோம். இரண்டாவது கடிதம் முக்கால் பக்கம்தான் இருந்தது. அதையே வைத்தோம்.

வாரியத்திற்கான விண்ணப்பமான டிடி 149 படிவத்தை, பிழையைக் கண்டறிந்து மூன்று ஆண்டுகளுக்குள் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீதியின் நலனுக்காக அக்கெடுவை வாரியம் தளர்த்தலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தாமதத்திற்கான காரணத்தை நேர்மையாக, சுருக்கமாக எழுதினேன். சட்டப்படி பெரும்பாலான விண்ணப்பங்கள் 10 மாதங்களிலும், எல்லாமே 18 மாதங்களிலும் முடிவாக வேண்டும். எங்களுடையது 14-ஆம் மாதத்தில் முடிந்தது. வாரியம் ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது வகையை மாமா தொடவே விடவில்லை. “உன்னைப் பரிந்துரைக்கப் போகிறேன்” என்று ஒரு சார்ஜென்ட் சொன்னாராம். அவர் அடுத்த மாதமே இறந்துவிட்டார். காலங்கடந்த பரிந்துரையை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகப் படைத்துறையின் பார்வைக்குக் கொண்டுபோகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1965 ஜூனில் பாங் சான் அருகே நடந்த சண்டைக்காகப் பாரிஸ் டேவிஸ் என்ற அதிகாரிக்கு எழுதப்பட்ட பரிந்துரை இரண்டு முறை தொலைந்துபோய், 2023 மார்ச்சில்தான் அவர் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் பெற்றார் என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். “அவருக்காகப் பேச ஆள்கள் உயிரோடு இருந்தார்கள்” என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

அமெரிக்கத் தரைப்படையில் ஸ்பெஷலிஸ்ட் தரத்தில் இருந்த ஒருவர் எழுதுவது:

சகோதரி எழுதியதைப் படித்தபின், என்னுடையது மிகச் சிறிய கதை என்றாலும், நம்மவர்க்கு மட்டுமே வரக்கூடிய சிக்கல் என்பதால் எழுதுகிறேன். குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாமல், சட்டப்படி அமெரிக்காவில் தங்கியிருந்தவர்களை மருத்துவத் திறனுக்காகவோ மொழித் திறனுக்காகவோ படையில் சேர்த்த மாவ்னி திட்டம் 2009-இல் தொடங்கியது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. நான் அவ்வழியாகச் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பணியாற்றியவன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கடவுச்சீட்டில் ஒரு வரிசை, சேர்க்கைத் தாளில் வேறு வரிசை. எனக்கு ஆர்மி கமென்டேஷன் மெடல் வழங்கிய ஆணை என் தந்தையின் பெயரை முன்னும் என் பெயரைப் பின்னும் வைத்து, ஓர் எழுத்தையும் விழுங்கி அச்சாகியிருந்தது. அதனால் அது என் மின்னணுக் கோப்பில் சேரவே இல்லை. சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, டிடி 214-இல் பதக்கம் இல்லை. சான்றிதழ் நகலை அனுப்பினால் போதும் என்று எண்ணியிருந்தேன். அதைவிட முக்கியமானது, அதில் குறிக்கப்பட்ட நிரந்தர ஆணையின் எண்ணும் தேதியும்தான். ஆணையின் நகல், பெயர் வேறுபாட்டை விளக்கும் ஒரு பக்கக் கடிதம், கடவுச்சீட்டு நகல் ஆகிய மூன்றையும் வைத்தபின் டிடி 215 வந்தது. வாரியம் வரை போகவில்லை. இப்போது பணியில் இருக்கும் தம்பிகளுக்குச் சொல்வது ஒன்றே: விடுபடும் நாளில் வரைவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன், வீட்டுக்குப் போகும் அவசரத்தைப் பத்து நிமிடம் அடக்கிக்கொண்டு பதக்கக் கட்டத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நான் படிக்கவில்லை.

பேத்தியின் கணவர் எழுதுவது:

எங்களுக்குக் கிடைக்கவில்லை. என் மனைவியின் தாத்தா கொரியப் போரில் காயமடைந்து, 1953-இல் விடுபட்டவர். அவர் காலமான பின், பாட்டியின் பெயரில் விண்ணப்பித்தோம். செயின்ட் லூயிஸ் மையத்தில் 1973 ஜூலை 12 அன்று பற்றிய தீயில், 1912 முதல் 1960 வரை விடுபட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு அழிந்துபோயின. தாத்தாவின் கோப்பும் அதில் போயிற்று. இறுதிச் சம்பளச் சீட்டைக் கொண்டு அவர் பணியாற்றினார் என்பதை மட்டும் நிறுவ முடிந்தது. காயத்திற்கு எங்களிடம் இருந்தவை குடும்பத்தினரின் கடிதங்களும் ஒரு புகைப்படமுமே. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. தீர்ப்பைப் படித்தபோது, அது நியாயம்தான் என்று எனக்கே தோன்றியது. பாட்டியிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மருமகள் மீண்டும் எழுதுவது:

தம்பி, அதை முடிந்த கதை என்று வைக்காதீர்கள். புதிய சான்று கிடைத்தால் மறு ஆய்வுக்குக் கேட்கலாம். 1942 முதல் 1945 வரையிலும், 1950 முதல் 1954 வரையிலும் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட தரைப்படையினரைப் பற்றி, படைத் தலைமை மருத்துவர் அலுவலகம் தொகுத்த சுருக்கப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் பெயர் இருக்காது. படைவீரரின் சேவை எண்ணைக் கொண்டுதான் தேட வேண்டும். சம்பளச் சீட்டு கையில் இருக்கிறது என்றால் எண்ணும் உங்களிடம் இருக்கிறது. போரில் ஏற்பட்ட காயமா, நோயா, விபத்தா என்பது அப்பதிவில் குறிக்கப்பட்டிருக்கும். கம்பெனியின் காலை அறிக்கைகளையும் கேளுங்கள். பிரிவிலிருந்து ஒருவர் மருத்துவமனைக்குப் போனாலும் திரும்பி வந்தாலும் அன்றைய தாளில் பெயரோடு ஒரு வரி இருக்கும். நான் ஆண்டு முழுவதையும் கேட்டு வீணாக அலைந்தேன். நீங்கள் மூன்று மாத இடைவெளியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது டிடி 215 முதலில் வந்தது, பதக்கம் சில வாரங்கள் கழித்துத் தனிப் பொதியாக வந்தது. ஊதா நாடாவில் வாஷிங்டனின் முகம் பொறித்த அந்தப் பதக்கத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடி வைத்தார். பிறகு டிடி 215-ஐ எடுத்துக் கண்ணாடி அணிந்துகொண்டு தேதிகளையும் சேவை எண்ணையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, எனக்குச் சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்த அந்த மருத்துவ உதவியாளரின் டிடி 214 நகலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் நட்சத்திரங்கள் விடுபட்டிருக்கின்றன. எஸ்எஃப் 180 படிவத்தை இன்று அனுப்பியிருக்கிறோம். முழுக் கோப்பையும் கேட்டுத்தான்.