குடும்ப நாவல் எழுதுற பேர்லயே கொலைக்கதையும் போடலாமா, இல்ல வேற பேர் வைக்கணுமா?

தேவகோட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா ஒரு முடிவு எடுக்க முடியல, நம்ம பக்கத்து ஆளுங்ககிட்ட கேட்டா சரியா வரும்னு இங்க எழுதுறேன்.

நான் ஒரு புனைபெயர்ல 11 குடும்ப நாவல் எழுதியிருக்கேன். கூட்டுக்குடும்பம், கல்யாணப் பேச்சு, மாமியா மருமக, கடைசில எல்லாரும் ஒண்ணு சேர்ந்துருவாங்க, அந்த மாதிரி. படிக்கிறதுல முக்காவாசிப் பேர் பிள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு போன்ல படிக்கிற ஆச்சிமாருங்க, அவங்க போடுற கமெண்ட்தான் எனக்கு தெம்பே. போன வருஷம் வேற மாதிரி ஒண்ணு எழுதினேன். பூட்டிக் கிடக்குற ஒரு பெரிய வீடு, முன்னோருக்குப் படையல் போடுற படைப்புக்கு மட்டும் பங்காளிக கூடுறாங்க, இரண்டாங்கட்டுல ஒரு ரூமுக்கு மட்டும் சாவி யார்கிட்டயும் இல்ல. அதுல கொலை இருக்கு, கெட்ட வார்த்தை இருக்கு, முடிவும் சந்தோஷமா இல்ல. ஆனா நான் எழுதினதுலயே என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது அதுதான்.

முதல் 3 அத்தியாயத்த அதே பேர்ல போட்டேன். ஆரம்பத்துல இருந்து படிக்கிற ஒரு ஆச்சி "நீ எழுதினதுன்னு நம்பி ராத்திரி படுக்கையில படிச்சேன் ஆத்தா, தூக்கமே போச்சு"ன்னு எழுதியிருந்தாங்க. கோவிச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா "நம்பி"ன்னு சொன்னாங்க பாருங்க, அந்த வார்த்தைதான் குத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துட்டேன்.

இது போக ஒரு சரித்திர நாவலும் பாதில கிடக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வச்சுக்கணுமா? அப்படி வச்சா அது வாசகர ஏமாத்துற மாதிரி ஆகாதா?

பழையபுத்தகம்:

ஏமாத்துறதெல்லாம் இல்லங்க, தமிழ்ல இது ரொம்ப காலமா இருக்குறதுதான். ரா.கி.ரங்கராஜன் குமுதத்துல சூர்யா, ஹம்ஸா, கிருஷ்ணகுமார், மாலதி, முள்றி, அவிட்டம், துரைசாமின்னு அத்தன பேர்ல எழுதியிருக்கார், ஒரு பேரோட நடைக்கும் இன்னொரு பேரோட நடைக்கும் சம்பந்தமே இருக்காது, ஒரே ஆள்னு தெரியாமலே வாரா வாரம் படிச்சவங்க எவ்வளவோ பேர்.

எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். எங்க அப்பத்தா ஸ்ரீவேணுகோபாலன் எழுதின திருவரங்கன் உலாவ சாமி ரூம் அலமாரில வச்சிருந்தாக. மாலிக் காபூர், துக்ளக் படையெடுப்பு காலத்துல ஸ்ரீரங்கம் நம்பெருமாள ஊர் ஊரா தூக்கிட்டுப் போய் காப்பாத்துன கதை, படிக்கும்போதே கண்ண தொடச்சுக்குவாக, அட்டை பிஞ்சு போய் காடாத் துணி ஒட்டி வச்சிருந்தாக. அதே அப்பத்தா, கிளுகிளுப்புக் கதைக்குப் பேர் போன புஷ்பா தங்கதுரை கதை வர்ற வாரப் பத்திரிகைய வீட்டுக்குள்ளயே விடமாட்டாக, சித்தப்பா முகப்புத் திண்ணையில உக்காந்து படிச்சு முடிச்சு அங்கயே யார்கிட்டயாவது குடுத்துட்டுத்தான் உள்ள வரணும். ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு நான் காலேஜ் படிக்கும்போது சொன்னேன். அப்பத்தா நம்பவே இல்ல, கடைசி வரைக்கும் நம்பல. இப்ப யோசிச்சா அவர் ரெண்டு பேர் வச்சது எவ்வளவு பெரிய மரியாதைன்னு தோணுது, அப்பத்தாவுக்கும் சரி, சித்தப்பாவுக்கும் சரி.

ஒரேபேர்கட்சி:

நான் ஒத்துக்க மாட்டேன். சுஜாதா விஞ்ஞானக் கதை, கொலைக்கதை, சரித்திரம், நாடகம்னு எல்லாத்தையும் ஒரே பேர்லதான எழுதினார், வாசகர் அவர்கூடவே எல்லா இடத்துக்கும் போகலையா? நா.பார்த்தசாரதி கல்கியில மணிவண்ணன்ங்கிற பேர்ல எழுதின நாவல்கள் எல்லாம் பின்னால அவரோட சொந்தப் பேர்லயே வந்து சேர்ந்துருச்சு. 11 நாவல் எழுதி சம்பாதிச்ச பேர விட்டுட்டு புதுப் பேர்ல மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. உங்களுக்கு மனசுக்கு நெருக்கமான புக்கு அதுதான்னா அத ஏன் ஒளிச்சு வைக்கணும்?

மூணுபேர்க்காரன்:

நான் 3 பேர்ல எழுதுறவன், நடைமுறையில என்னன்னு சொல்றேன். கிண்டில்ல போடுறதா இருந்தா ஒரு ஆளுக்கு ஒரு அக்கவுண்ட்தான், ஆனா புக்குக்கு புக்கு ஆசிரியர் பேர மாத்திப் போட்டுக்கலாம், ராயல்டி உங்க பான் கார்டு பேருக்குத்தான் வரும், அதனால அங்க குழப்பம் கிடையாது.

அச்சுல போடும்போதுதான் உஷாரா இருக்கணும். ஒரு பதிப்பகத்துல எனக்கு புனைபெயருக்கே செக் எழுதிக் குடுத்துட்டாங்க, பேங்குல வாங்கல, திருப்பி மாத்தி வாங்குறதுக்குள்ள 4 மாசம் ஓடிப் போச்சு, அதுல நொந்துட்டேன். ஒப்பந்தத்துல சொந்தப் பேரப் போட்டு "இந்தப் புனைபெயரில் எழுதும்"னு சேத்து எழுதச் சொல்லுங்க. இன்னொண்ணு, காப்புரிமை. நம்ம 1957 சட்டப்படி சொந்தப் பேர்ல எழுதினா எழுத்தாளர் காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் உரிமை இருக்கு. யாருன்னே தெரியாத புனைபெயர்ல வந்ததுக்கு புக்கு வெளியான வருஷத்துல இருந்துதான் 60 வருஷ கணக்கு, நடுவுல ஆள் யாருன்னு வெளிப்படுத்திட்டா பழைய மாதிரி காலத்துக்கு அப்புறம் 60 ஆயிரும். அதனால ஊருக்குத் தெரியலன்னாலும் எழுத்துல எங்கயாவது பதிஞ்சு வைங்க, பிள்ளைகளுக்கு ஆகும்.

ரகசியம் நிக்கும்னு மட்டும் நினைக்காதீங்க. கொலைக்கதைக்குப் பேர் போன அகதா கிறிஸ்டி, மேரி வெஸ்ட்மகாட்ங்கிற பேர்ல 6 நாவல் எழுதினாங்க, கொலை இல்லாத மனசு சம்பந்தப்பட்ட கதைங்க, உங்களுக்கு நேர் எதிர். 1930ல ஆரம்பிச்சது 1949ல வெளில தெரிஞ்சுபோச்சு. ஹாரி பாட்டர் எழுதின ரௌலிங் 2013ல ராபர்ட் கால்பிரெய்த்னு துப்பறியும் நாவல் போட்டாங்க, 3 மாசம்தான் தாங்குச்சு. ஆனா தெரிஞ்சப்புறமும் ரெண்டு பேரும் அந்தப் பேர விடல. அத நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன்.

கணக்குப்புள்ள:

தம்பி சொன்ன கடைசி வரிதான் விஷயம். ஆச்சி, இது நம்ம ஊர்ல புதுசா என்ன? எங்க ஐயாவோட ட்ரங்குப் பெட்டி இன்னும் இருக்கு, ரங்கூன்ல இருந்து வந்தது. உள்ள நீள நீளமா பேரேடு, மேல பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழ விலாசம். இப்ப விலாசம்னா அட்ரஸ்னு நினைக்கிறாங்க, அப்ப விலாசம்னா கடையோட இனிஷியல், மூனா ராவன்னான்னு சொல்றது. ரங்கூன் கடைக்கு ஒரு விலாசம், மலாயாவுல கூட்டாளியோட போட்ட கடைக்கு இன்னொரு விலாசம். ரெண்டுலயும் ஐயாவோட அதே சாஞ்ச கையெழுத்துதான், "ல" மட்டும் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். ஆனா இந்தக் கடை வரவ அந்தப் பேரேட்டுல ஒரு தடவ கூட எழுதல. முதலாளி ஒருத்தர்தான்னு ஊருக்கே தெரியும், யாரும் அத ஏமாத்துன்னு சொன்னதில்ல. எந்த விலாசத்துல என்ன யாவாரம்னு தெரிஞ்சு ஆள் வரணும், அவ்வளவுதான்.

அது போக, நம்ம சிறுகூடல்பட்டிக்காரரையே எடுத்துக்கங்க. பொறந்தப்ப முத்தையா, சுவீகாரம் போன வீட்டுல நாராயணன், எழுத வந்தப்ப கண்ணதாசன். அதுலயும் நிக்கல, காரை முத்துப்புலவர், வணங்காமுடி, பார்வதிநாதன், ஆரோக்கியசாமி, கணக்கப்பிள்ளைன்னு இன்னும் பல. என் பேரும் அதுல இருந்து எடுத்துக்கிட்டதுதான்.

கொலைக்கதைய எடுத்தத மறுபடி போடுங்க ஆச்சி, வேற விலாசத்துல. ஒளிச்சு வைக்காதீங்க, பழைய பேர்ல இருக்குற வாசகர்கிட்ட நீங்களே சொல்லிருங்க.

தேவகோட்டைக்காரி:

விலாசம்னு சொன்னீங்க பாருங்க அண்ணே, அதுலயே மனசு லேசாயிருச்சு. கொலைக்கதைக்கு எங்க ஆயா வீட்டு இனிஷியல் ரெண்ட வச்சு ஒரு பேர் போட்டுட்டேன். சரித்திரத்துக்கு இப்போதைக்கு வைக்கல, முடிச்சுட்டுப் பாத்துக்கலாம். ஒரே பேர் போதும்னு சொன்னவங்க சொன்னதும் எனக்குப் புரியுது, நான் எழுதினது இல்லன்னு எங்கயும் சொல்லப் போறதில்ல.

முதல்ல அந்த ஆச்சிக்குத்தான் எழுதினேன், இந்தப் பேர்ல வர்றது நான்தான், இதுல ரத்தம் இருக்கும், சந்தோஷ முடிவு இருக்காதுன்னு. நேத்து சாயங்காலம் பதில் வந்துச்சு. "அந்த சாவி யார்கிட்டதான் இருந்துச்சு? பகல்ல படிச்சுக்கிறேன், மிச்சத்தையும் போடு"ன்னு எழுதியிருக்காங்க.