கன்னு போட்ட மறுநாளே மாடு எந்திரிக்கல, டாக்டர் வர்ற வரைக்கும் நாம என்ன பண்ணணும்?

தொழுவத்து வீடு:
எல்லாருக்கும் வணக்கம். எங்ககிட்ட இருக்கிறதே மூணு மாடுதான், நானும் வீட்டுக்காரரும்தான் பாத்துக்கிறோம், ஆளு கீளு யாரும் இல்ல. நேத்து சாயந்திரம் ஜெர்சி கலப்பு மாடு நாலாவது ஈத்து கன்னு போட்டுச்சு. ஒரு சிரமமும் இல்ல, கன்னும் எந்திரிச்சு சீம்பால் குடிச்சிருச்சு. விடியக்காலைல போய் பாத்தா மாடு படுத்த எடத்துலயே கெடக்கு, தலைய மடிச்சு விலாமேல வச்சிருக்கு, நேரா இழுத்து விட்டா மறுபடியும் அதே பக்கம் மடிச்சுக்குது. காதும் காலும் சில்லுன்னு இருக்கு, மூக்கு காஞ்சு போச்சு, கூப்பிட்டா கண்ணு கூட திரும்பல. எனக்கு கையும் காலும் ஓடல.

டாக்டர் வந்து கழுத்து நரம்புல கால்சியம் பாட்டில் மெதுவா ஏத்துனாரு, ஏத்தும்போதே நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கொஞ்ச நேரத்துல தோலெல்லாம் வெடவெடன்னு நடுங்குச்சு, பெருசா ஒரு ஏப்பம் விட்டுச்சு, சாணி போட்டுச்சு, அப்புறம் தானா முட்டி போட்டு எந்திரிச்சிருச்சு. அவருக்கு அடுத்த மாடு காத்திருந்ததால உடனே கெளம்பிட்டாரு, முழுசா கேக்க முடியல. இப்ப மாடு நிக்குது ஆனா தீவனம் சரியா எடுக்கல, நஞ்சுக்கொடியும் இன்னும் விழல. அடுத்த மாசம் இன்னொரு மாடு வேற கன்னு போடணும். இந்த மாதிரி ராத்திரில ஆயி டாக்டர் வர நேரமானா நாங்களா என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

செவலைக்காரன்:
அக்கா, மாடு எந்திரிச்சது ரொம்ப சந்தோசம். ஆனா இன்னைக்கும் நாளைக்கும் கண்ண எடுக்காதீங்க, கால்சியம் ஏத்தி எந்திரிச்ச மாட்டுல சிலது மறுபடியும் படுத்துரும். நடை தள்ளாடுதா, காது திரும்ப சில்லுன்னு ஆகுதான்னு ராத்திரியும் ஒருதரம் போய் தொட்டு பாருங்க, சந்தேகம்னா விடியட்டும்னு இருக்காம உடனே போன் பண்ணிருங்க.

படுத்த மாட்டுக்கு நாம செய்யுற முதல் வேலை அத ஒருக்களிச்சோ மல்லாக்கவோ கெடக்க விடாம நெஞ்சு தரையில படுற மாதிரி உக்கார வைக்கிறதுதான். பக்கவாட்டுல சாஞ்சு கெடந்தா வயித்துல காத்து வெளிய போகாது, இடது பக்கம் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கிற குழி உப்பிட்டே வரும், மூச்சு முட்டி அதுலயே போயிரும், வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள எறங்குனாலும் ஆபத்துதான். வைக்கோல் தெணிச்ச சாக்கு ரெண்ட தோள்பட்டைக்கு முட்டு குடுங்க, சரியாது. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாத்தி விடணும். ஒரே காலு மேல அத்தன கனம் அரை நாள் இருந்தா தொடை சதையும் நரம்பும் கெட்டுரும், அப்புறம் கால்சியம் எவ்வளவு ஏத்துனாலும் எந்திரிக்காது. கீழ சிமெண்ட் தரையா இருந்தா மண்ணோ வைக்கோலோ கனமா போடுங்க, எந்திரிக்க பாக்கும்போது வழுக்கி கால் அகட்டிக்கிட்டா அதோட முடிஞ்சிது.

பச்சைப்புல்:
டாக்டர் வர லேட் ஆச்சுன்னா கடையில விக்கிற கால்சியம் திரவம் இருக்குல்ல, அத வாய்ல ஊத்தி விடுங்க, தெம்பு வரும்.

கால்நடை ஸ்டூடண்ட்:
பச்சைப்புல் அண்ணா, நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா படுத்து கெடக்கிற மாட்டுக்கு தயவுசெஞ்சு எதையும் வாய்ல ஊத்தாதீங்க, தண்ணி கூட. கால்சியம் கொறஞ்ச மாட்டுக்கு விழுங்குற சதையும் தளந்து போயிருக்கும், ஊத்துறது நேரா நுரையீரலுக்கு போயிரும். அந்த திரவமும் ஜெல்லும் நிக்கிற, நல்லா விழுங்குற மாட்டுக்கு மட்டுந்தான். நரம்புல ஏத்துறதையும் நாமளே பண்ணிரலாம்னு சிலர் நெனைக்கிறாங்க, வேகமா ஏறுனா இதயம் அங்கேயே நின்னுரும், அதனாலதான் அக்கா வீட்டு டாக்டர் கேட்டுக்கிட்டே ஏத்திருக்காரு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, மாட்டு ரத்தத்துல ஓடுற கால்சியம் மொத்தமே 3 கிராம் பக்கந்தான். 10 லிட்டர் சீம்பால் எறங்குனா அதுல மட்டும் 20 கிராமுக்கு மேல போகுது. எலும்புல இருந்தும் தீவனத்துல இருந்தும் உடம்பு அத ஈடு கட்டணும், வயசு ஏற ஏற அந்த வேகம் கொறையும், அதனால மூணாவது ஈத்துக்கு மேலதான் இது அதிகம், ஜெர்சிக்கு இன்னும் அதிகம். கால்சியம் ஊசி வராத காலத்துல, 1897ல, டென்மார்க்ல ஷ்மிட்னு ஒரு டாக்டர் மடிக்குள்ள மருந்து கரைசல் ஏத்தி பாத்தாரு, அப்புறம் வெறும் காத்து அடிச்சாலே மாடு எந்திரிக்குதுன்னு கண்டுபுடிச்சாங்க. மடி இறுகுனா பால் சுரக்குறது நின்னு கால்சியம் ரத்தத்துலயே தங்குது, அவ்வளவுதான். இப்ப யாரும் அத செய்யாதீங்க, மடிநோய் வந்துரும். ஆனா அதே காரணத்துக்காகத்தான் எந்திரிச்ச மாட்ட முதல் ஒரு நாள் ஒட்ட கறக்காம கன்னுக்கு வேணுங்கிற அளவுக்கு மட்டும் கறக்க சொல்வாங்க.

இன்னொண்ணு, ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைங்க அக்கா. சாதாரணமா மாட்டுக்கு 38.5 டிகிரி, அதாவது 101.5 ஃபாரன்ஹீட் பக்கம் இருக்கும். கன்னு போட்டு படுத்த மாடு ஜில்லுன்னு இருந்தா கால்சியம் பக்கம் யோசிக்கலாம், சூடு ஏறி மடி கல்லு மாதிரி இருந்து பால் தண்ணியா வந்தா அது மடிநோய், வைத்தியமே வேற. போன்ல டாக்டர்கிட்ட இந்த நம்பர சொன்னீங்கன்னா அவரு என்ன மருந்து எடுத்துட்டு வரணும்னு அங்கேயே முடிவு பண்ணிருவாரு.

தொழுவத்து வீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாக்கு ரெண்டு வைக்கோல் அடச்சு இப்பவே ரெடி பண்ணிட்டேன். கொடி மட்டும் தொங்கிட்டே இருக்கு, கல்ல கட்டி விட்டா கனத்துல வந்துரும்னு எங்க மாமியார் சொல்றாங்க, செய்யலாமா?

செவலைக்காரன்:
வேண்டவே வேண்டாம் அக்கா. மாமியார்கிட்ட பக்குவமா சொல்லிருங்க. வழக்கமா 12 மணி நேரத்துக்குள்ள விழும், கால்சியம் கொறஞ்ச மாட்டுக்கு கர்ப்பப்பையும் சரியா சுருங்காது, அதான் தாமதம். கல்லு கட்டுனாலோ கைய விட்டு இழுத்தாலோ உள்ள கிழிஞ்சு ரத்தம் போகும், பாதி உள்ளேயே தங்கி அழுகும், அடுத்த சினையே பிடிக்காம போகலாம். தரையில இழுபடுதுன்னா முழங்காலுக்கு மேல தானா தொங்குற அளவுக்கு மட்டும் நறுக்கி விடுங்க. ஒரு நாள் தாண்டியும் விழலன்னாலோ, நாத்தம் அடிச்சு காய்ச்சல் வந்து தீவனத்த விட்டாலோ டாக்டர கூப்பிடுங்க. விழுந்ததும் எடுத்து ஆழமா பொதச்சிருங்க, மாடு தின்னுட்டா தொண்டைல அடைக்கும்.

கால்நடை ஸ்டூடண்ட்:
அடுத்த மாசம் போடுற மாட்டுக்கு இப்பவே கவனம் வேணும். சினை மாடுதானே, எலும்புக்கு நல்லதுன்னு கடைசி மூணு வாரமும் கால்சியம் அள்ளி குடுக்கிறாங்க பாருங்க, அது தலைகீழா வேலை செய்யும். தீவனத்துலயே நெறைய கெடைச்சா எலும்புல இருந்து எடுக்குற பழக்கமே உடம்புக்கு விட்டுப்போயிரும், கன்னு போட்ட அன்னைக்கு திடீர்னு தேவைப்படும்போது திணறும். பயறு வகை பசுந்தீவனத்த அந்த மூணு வாரம் கொறைங்க, மாட்ட ரொம்ப கொழுக்க விடாதீங்க, மக்னீசியம் இருக்கிற தாது உப்பு எது, எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டு குடுங்க. அது எத்தனாவது ஈத்து அக்கா? முதல் ஈத்துன்னா கால்சியம் பயம் கம்மி, பதிலா கன்னு வர்ற வழி சின்னதா இருக்கும். பனிக்குடம் ஒடஞ்சு ஒரு மணி நேரம் ஆகியும் முன்னங்கால் ரெண்டும் மூக்கும் தெரியலன்னா நீங்க கைய விடாம போன் பண்ணிருங்க.

தொழுவத்து வீடு:
அது அஞ்சாவது ஈத்து தம்பி. அப்ப டாக்டர்கிட்ட நாளைக்கே தேதி சொல்லி வச்சிர்றேன். தெர்மாமீட்டர் வாங்க வீட்டுக்காரர் கெளம்பிட்டாரு.