உதவி: மாடலில் 1 மீட்டர் சேறு 12 மணி நேரத்தில் அரித்துப் போகிறது

கேள்வி:
வணக்கம். கழிமுகக் கால்வாய் ஒன்றின் களிமண் படுகை அரிப்பைப் பைத்தானில் மாடல் செய்கிறேன். பார்த்தெனியாடிஸ் சூத்திரம்தான்: அரிப்பு வீதம் = எம் × (ஷியர் தகைவு ÷ மாறுநிலைத் தகைவு − 1). இதில் எம் என்பது மண்ணின் அரிப்புக் கெழு, ஷியர் தகைவு என்பது ஓடும் நீர் படுகையை உரசி இழுக்கும் விசை (பரப்பலகுக்கு), மாறுநிலைத் தகைவு என்பது அரிப்பு தொடங்கும் எல்லை. ஆழம் 4 மீ., உச்ச வேகம் வினாடிக்கு 0.8 மீ., மேனிங் எண் (கால்வாய் நீரோட்டத்துக்குத் தரும் தடையின் அளவு) 0.035, மாறுநிலைத் தகைவு 0.2 பாஸ்கல், உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 500 கிலோ. எம் மதிப்பு 0.0005. களத்தில் ஆறு மாதமாகியும் 10 செ.மீ. கூடக் குறையவில்லை. எங்கே தப்பு? இரண்டு வாரமாகத் தேடுகிறேன்.

பதில் 1:
எம் எங்கிருந்து வந்தது?

கேட்டவர்:
லேபில் ஃப்ளூமில் (நீரோட்டச் சோதனைத் தொட்டி) அளந்தோம். அரிப்புக் கெழு 1 கன செ.மீ./நியூட்டன்-வினாடி. அதை உலர் அடர்த்தியால் பெருக்கினேன்.

பதில் 1:
அங்கேதான் முதல் தப்பு. அந்தக் கெழு (தகைவு − மாறுநிலைத் தகைவு) என்ற வடிவத்துக்கானது. உங்கள் சூத்திரத்தில் போட வேண்டுமென்றால் மாறுநிலைத் தகைவாலும் பெருக்க வேண்டும். எம் 0.0001 ஆகிவிடும், ஐந்தில் ஒரு பங்கு.

பதில் 2:
அது மட்டும் போதாது. மேனிங் எண் 0.035 வைத்தால் ஷியர் தகைவு சுமார் 4.9 பாஸ்கல் வருகிறது. அந்த எண்ணில் வளைவு, செடி, மணல்மேடு எல்லாத் தடையும் அடங்கும். நீர்மட்டம் கணக்கிட அது சரி. ஆனால் சேற்றைப் பிய்த்தெடுப்பது படுகையின் மேற்பரப்பை நேரடியாக உரசும் பங்கு மட்டும்தான். வழுவழுப்பான சேற்றுக்கு 0.015 போட்டுப் பாருங்கள், 0.9 பாஸ்கல் அருகில் வரும். இன்னொன்று, அடியில் போகப் போகச் சேறு இறுகும். மேலடுக்கின் 0.2 பாஸ்கலை 1 மீட்டருக்கும் வைத்தால் அரிப்பு நிற்கவே நிற்காது. ஆழமான மாதிரி ஏதாவது கைவசம் இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது. 5 செ.மீ. ஆழத்தில் 0.6, 10 செ.மீ.யில் 1.1 பாஸ்கல். இதுவரை அதைப் பயன்படுத்தவே இல்லை!

பதில் 2:
அப்புறம் என்ன, அடுக்கடுக்காகக் கொடுங்கள். ஆழத்தோடு மாறுநிலைத் தகைவு மாறுவதால் எம்-உம் மாறும். அதனால் பதில் 1 சொன்ன கழித்தல் வடிவத்திலேயே எழுதுவது நல்லது.

கேட்டவர்:
மூன்றையும் திருத்தி ஓட்டினேன். கிட்டத்தட்ட 8 செ.மீ.யில் அரிப்பு தானாக நின்றுவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி! கடைசியாக ஒன்று: நீரோட்டம் தணியும்போது புதிதாகப் படியும் சேற்றை எந்த அடுக்கில் சேர்ப்பது?

பதில் 2:
தனி மேலடுக்காக வையுங்கள். புதுச் சேறு மிகவும் இளகலானது, மாறுநிலைத் தகைவு 0.1 பாஸ்கல் அளவில் தொடங்கலாம். பழைய அடுக்கோடு கலந்து சராசரி எடுத்தீர்களென்றால் இறுகிய சேறும் மாடலில் இளகிப்போய் மறுபடி கரையத் தொடங்கும்.